அடிபடும் முன்பே ஊசி வேண்டும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடியும் நேரம். ஏதாவது ஒரு ரோலிங் மில்லின் கேட்டுக்கு வெளியே சற்று நின்று பாருங்கள். வெளியே வரும் தொழிலாளர்களின் கைகளைக் கவனியுங்கள். ஒருவர் கட்டைவிரலில் கந்தல் துணி சுற்றியிருப்பார். இன்னொருவரின் புறங்கையில் தகடு கிழித்த கோடு காய்ந்து கருத்திருக்கும். மூன்றாமவர் காலை லேசாக இழுத்து நடப்பார். கேட்டால், "பழைய இரும்புக் குவியலில் ஏதோ குத்தியது, பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்" என்பார். அங்கிருந்து பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கத்து வயல்களுக்குப் போங்கள். வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் பெண்களின் பாதங்களைப் பாருங்கள். முள் தைத்த வடு, அரிவாள் பட்ட வடு, வெடித்த குதிகால். செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்களைப் பாருங்கள். பெரியவர் கையிலும் காயம், குழந்தையின் காலிலும் காயம்.

இவற்றையெல்லாம் "சின்னக் காயம்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். முதலாளி சின்னக் காயம் என்கிறார். மேஸ்திரி சின்னக் காயம் என்கிறார். அரைநாள் கூலி போய்விடுமே என்ற பயத்தில் தொழிலாளியும் அப்படியே சொல்லிக்கொள்கிறார். ஆனால் இந்தச் சின்னக் காயத்தின் வழியாகத்தான் ரண ஜன்னி என்னும் கொடிய நோய் உடம்பில் நுழைகிறது. டாக்டர்கள் டெட்டனஸ் என்று சொல்வது இதையே. இதைத் தடுக்க ஊசி உண்டு. விலை மலிந்த ஊசி அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த ஊசி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் போடப்படும் ஊசி. அப்படியிருந்தும் நம்மில் எத்தனை பேர் அதை முறைப்படி போட்டிருக்கிறோம்?

கேட் கூட்டங்களிலும் கிராமக் கூட்டங்களிலும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டோம்: "ரண ஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?" வந்த பதில்கள் சிந்திக்கத்தக்கவை. "போன வருஷம் கை கிழிந்தபோது ஒன்று போட்டார்கள்" என்றார் ஒருவர். "பள்ளிக்கூடத்தில் போட்ட ஞாபகம்" என்றார் ஓர் இளைஞர். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த காண்டிராக்ட் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களை இந்தக் கேள்வி கேட்டவர் அதுவரை யாருமில்லை. நாற்று நடும் பெண்கள், "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போட்டார்கள்" என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயது! நாற்பது வயது தாண்டிய ஆண்களில் பலர், "எங்களுக்கு எதற்கு?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்கள்.

இந்தப் பதில்களிலிருந்து ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. குழந்தைக்கு ஊசி உண்டு. கர்ப்பிணிக்கு ஊசி உண்டு. ஆனால் நாள்தோறும் இரும்போடும் மண்ணோடும் மல்லுக்கட்டி, நாள்தோறும் காயம்படுகிற உழைப்பாளிக்கு, காயம்பட்ட பிறகுதான் ஊசி. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

நோய் எப்படி வருகிறது?

ரண ஜன்னிக் கிருமி எங்கோ தூர தேசத்திலிருந்து வருவதில்லை. அது நம் காலடி மண்ணில் இருக்கிறது. மாட்டுச் சாணத்திலும் குதிரை லத்தியிலும் இருக்கிறது. தெருப் புழுதியில் இருக்கிறது. கெட்டியான விதையைப்போல உறை கட்டிக்கொண்டு பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சாகாமல் கிடக்கும். காயத்துக்குள் புகுந்ததும், காற்றுப் படாத ஆழத்தில் உறையை உடைத்துக்கொண்டு பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு நரம்பு வழியாக ஏறி, தசைகளை இறுக்கிப் பிடிக்கிறது.

முதலில் தாடை கட்டிக்கொள்ளும். வாயைத் திறக்க முடியாது. கழுத்து விறைக்கும். சோறு விழுங்க முடியாது. பிறகு முதுகு வில்லாக வளையும். சிறு சத்தம் கேட்டாலும், வெளிச்சம் பட்டாலும், யாராவது தொட்டாலும் உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும். இத்தனைக்கும் நினைவு தெளிவாக இருக்கும்! மூச்சுத் தசைகள் இறுகினால் உயிர் போகும். நவீன வசதிகள் உள்ள ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரம் வைத்து வாரக்கணக்கில் பார்த்தாலும் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்துபோகிறார்கள். வசதியில்லாத இடத்தில் சாவு இன்னும் அதிகம்.

இந்த நோயைப்பற்றி இரண்டு விசயங்களை ஒவ்வொரு தொழிலாளியும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோயல்ல. அம்மை, காலரா போன்ற நோய்களில் ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும். இதில் அது கிடையாது. பக்கத்து மெஷினில் நிற்பவர் போட்ட ஊசி உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது, இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். பிழைத்தெழுந்தவரும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஆபத்து என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். துருவில் நஞ்சு இல்லை. மண்ணில் கிடந்து துருப்பிடித்த ஆணியோடு மண்ணும் கிருமியும் சேர்ந்து ஆழமாக உள்ளே போவதுதான் ஆபத்து. அப்படியானால் பளபளக்கும் தகடும் மண்பட்டிருந்தால் ஆபத்தே. கருவேல முள்ளும் ஆபத்தே. தீக்காயமும், நாய்க்கடியும், நெடுநாள் ஆறாத சர்க்கரைப் புண்ணும், சீழ்வடியும் காதும் இந்தக் கிருமிக்கு வாசல்களே.

வென்ற போரும் விட்ட போரும்

ரண ஜன்னியை வெல்ல முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நம் கண்ணெதிரே ஒரு பெரிய வெற்றி நடந்திருக்கிறது.

முன்பெல்லாம் வீட்டில் பிரசவம் பார்த்து, கையில் கிடைத்த அரிவாளாலோ பழைய பிளேடாலோ தொப்புள்கொடியை அறுத்து, அதன்மேல் சாம்பலோ சாணமோ அப்புவார்கள். பிறந்து ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும், விறைத்துச் செத்துப்போகும். "காத்துக் கருப்பு" என்று அழுதுவிட்டு அடக்கம் செய்வார்கள். 1988-ல் மட்டும் உலகம் முழுவதும் 7,87,000 சிசுக்கள் இப்படி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அதில் நம் நாட்டுச் சிசுக்களின் பங்கு பெரிது.

1978-ல் நம் நாட்டில் விரிந்த தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1985-ல் அது எல்லாருக்குமான தடுப்பூசித் திட்டம் ஆயிற்று. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டார்கள். கிராம நர்சுகள் வெயிலிலும் மழையிலும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சுத்தமான கை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல் என்று மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாறின. 2015-ல் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் உறுதி செய்தது. ஒழித்தது என்றால் ஒவ்வொரு ஜில்லாவிலும் 1,000 பிறப்புக்கு ஒரு சிசுவுக்கும் குறைவாக நோய் வருகிற நிலைக்குக் கொண்டுவந்தது என்று அர்த்தம். உலகிலும் அந்தச் சாவு 2018-ல் 25,000 ஆகக் குறைந்தது. இந்த வெற்றியின் பெருமை முதலில் அந்த நர்சுகளைச் சேரும். அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் கிருமி மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. அது சாகவும் சாகாது. அம்மையை உலகிலிருந்தே விரட்டியதுபோல் இதை விரட்ட முடியாது. தாயையும் சேயையும் காப்பாற்றிய திட்டம், தந்தையையும் பாட்டியையும் வெளியே விட்டுவிட்டது. இதன் விளைவை வெளிநாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நம் பழவேற்காட்டு மீனவர்களும் அதை மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேஷியாவில் ஆச்சே பகுதியில் இடிபாடுகளில் சிக்கிக் காயம்பட்ட மக்களிடையே சில வாரங்களில் 106 பேருக்கு ரண ஜன்னி கண்டது. 20 பேர் இறந்தார்கள். கடலுக்குத் தப்பியவர்களைக் காயம் கொன்றது. ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்கு நாடுகளில் 2010-களில் ஆண்களுக்குச் சுன்னத்து அறுவை செய்யும் பெரிய இயக்கம் நடந்தது. அதில் சிலருக்கு ரண ஜன்னி வந்து, சிலர் இறந்தார்கள். என்ன காரணம் என்று ஆராய்ந்தபோது, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் ஊசி போட்டு, வளர்ந்த ஆண்களை விட்டுவிட்டது தெரிந்தது. ஆப்பிரிக்கக் கூலிக்காரருக்கும் கும்மிடிப்பூண்டி கூலிக்காரருக்கும் இந்த விசயத்தில் வித்தியாசம் என்ன?

சிப்பாய்க்குத் தெரிந்தது, முதலாளிக்குத் தெரியாதா?

ஜப்பானிய விஞ்ஞானி கிடசாடோ 1889-ல் பெர்லினில் இந்தக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அவரும் பேரிங்கும் சேர்ந்து, இதன் நஞ்சை முறிக்கும் சக்தி ரத்தத்தில் உண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எருவிட்டுப் பயிரிட்ட வயல்களில் சிப்பாய்கள் குழி வெட்டிப் படுத்தார்கள். காயம்பட்டவர்களிடையே ரண ஜன்னி பரவலாகக் கண்டது. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைக் காயம்பட்டதும் போட்டு ஓரளவு கட்டுப்படுத்தினார்கள். 1920-களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அந்த நஞ்சையே பக்குவம் செய்து, தீங்கில்லாத தடுப்பு மருந்தாக மாற்றினார்கள். இன்று நமக்குப் போடுவது அதன் வழிவந்த மருந்துதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் போகும்போது அமெரிக்கச் சிப்பாய்களுக்கு முன்கூட்டியே இந்த ஊசியைப் போட்டுவிட்டார்கள். லட்சக்கணக்கானவர் காயம்பட்டார்கள். அவ்வளவு பெரிய ராணுவத்தில், அந்தப் போர் முழுவதிலும், ரண ஜன்னி கண்டவர்கள் 12 பேர்!

காயம் நிச்சயம் என்று தெரிந்த இடத்துக்கு ஆளை அனுப்பும்போது, முதலில் ஊசி போட்டு அனுப்ப வேண்டும் என்பது ராணுவத் தளபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய இரும்பை வெட்டும் இடத்தில், தகடு தூக்கும் இடத்தில், பில்லட் உருட்டும் இடத்தில் காயம் நிச்சயம் என்பது ஆலை முதலாளிக்குத் தெரியாதா? தெரியும். சிப்பாய் செத்தால் போர் தோற்கும். தொழிலாளி செத்தால் மறுநாள் ரயிலில் இன்னொரு தொழிலாளி வந்து இறங்குவார். இந்தக் கணக்குத்தான் காரணம்!

"அடிபட்டதும் ஒன்று போட்டாச்சு"

அடிபட்டவுடன் ஒரு ஊசி போட்டால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதில் பாதிதான் உண்மை.

இந்த ஊசி உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஊசி. முன்பு பாடம் படித்த உடம்புக்கு ஒரு ஊசி போட்டால் உடனே நினைவு வந்து எதிர்ப்புச் சக்தியைச் சுரக்கும். பாடமே படிக்காத உடம்புக்கு முதல் ஊசியால் உடனடிப் பலன் இல்லை. எதிர்ப்புச் சக்தி உண்டாக வாரங்கள் ஆகும். நோயோ காயம்பட்டு 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் வந்துவிடும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் வரும். திருடன் வீட்டுக்குள் நுழைந்த பிறகு கதவுக்கு ஆசாரியைத் தேடுவது போன்றது இது.

ஆகவே வளர்ந்தவர், முன்பு ஊசி போடாதவர் அல்லது போட்டது நினைவில்லாதவர், செய்ய வேண்டியது இது: இன்று ஒரு ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது. மூன்றும் முடிந்தால்தான் பாதுகாப்பு முழுமை. அதன்பின் பத்து ஆண்டுக்கு ஒன்று. 2019 முதல் நம் நாட்டுத் திட்டத்தில் ரண ஜன்னி மருந்தோடு தொண்டை அடைப்பான் மருந்தும் சேர்ந்த டி.டி. ஊசி வந்திருக்கிறது. 2016-ல் கேரளத்தில் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து உயிர் குடித்ததை நினைத்தால், இந்த மாற்றம் சரியானதே.

காயம்பட்டபோது டாக்டர்கள் கைக்கொள்ளும் விதி இது. மூன்று ஊசியும் முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகாதிருந்தால் ஊசி வேண்டாம். மண், சாணம், எச்சில் பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம், நசுங்கிய காயம், தீக்காயம் என்றால், ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். ஊசியே போடாதவருக்கு இத்தகைய காயம் பட்டால், தடுப்பூசியைத் தொடங்குவதோடு, தயார் நிலையில் உள்ள எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினையும் வேறிடத்தில் போட வேண்டும். இதன் விலை தடுப்பூசியைப்போல் பல மடங்கு. மூன்று மலிவு ஊசிகளை முன்பே போட்டிருந்தால் இந்தச் செலவே வேண்டாம்!

ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப்போய் ஊசி போடுவதாலும் லாபமில்லை. சிலர் ஆறு மாதத்துக்கு ஒன்று போடுகிறார்கள். அடிக்கடி போட்டால் கை வீங்கி வலிப்பதுதான் மிச்சம். போட்ட தேதியை எழுதி வையுங்கள். அந்தச் சீட்டுத்தான் உங்கள் பாதுகாப்புப் பத்திரம்.

குழந்தைகளுக்கு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியில் ரண ஜன்னி மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஒன்றரை வயதையொட்டி ஒன்று. 5 வயது முடிந்து ஒன்று. 10 வயதில் ஒன்று. 16 வயதில் ஒன்று. கடைசி இரண்டும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் போடுவது. பள்ளியை விட்டுச் சூளைக்கும் பட்டறைக்கும் போன பிள்ளைக்கு யார் போடுவார்கள்? எந்தப் பிள்ளைக்குக் காயம் அதிகமோ, அந்தப் பிள்ளைக்கே ஊசி தவறுகிறது. பெற்றோர்களே, பிள்ளையின் ஊசி அட்டையைக் குடும்ப அட்டையைப்போல் பத்திரப்படுத்துங்கள்.

காயத்தை என்ன செய்வது?

ஊசியோடு வேலை முடியவில்லை. காயம்பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மண், துகள், முள் இருந்தால் அகற்ற வேண்டும். ஆழத்தில் இருந்தால் நீங்களே நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சாணம், சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை, கிரீஸ், மண்ணெண்ணெய் எதையும் அப்பாதீர்கள். நம் பாட்டிமார் அன்போடு செய்த வைத்தியம்தான்; ஆனால் சாணம் என்பது இந்தக் கிருமியின் சொந்த வீடு. காயம் மூடிக்கொண்டு மேலே நன்றாகத் தெரிந்தாலும், தாடை இறுகினால், விழுங்கக் கஷ்டமானால், கழுத்து விறைத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம்பட்ட நாளை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பொறுப்பு யாருடையது?

தொழிலாளி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்து தப்பித்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. கையுறை கொடுக்காமல், பூட்ஸ் கொடுக்காமல், குழாயில் தண்ணீரும் சோப்பும் வைக்காமல் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால் அது கையைக் காப்பாற்றுமா? 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், 500-க்கு மேற்பட்டவர் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று எழுதியது. பல இடங்களில் அந்தப் பெட்டியின் சாவி மானேஜர் அறையில் தொங்கும். திறந்தால் காலிப் பாட்டில்கள் இருக்கும். அதுவே நமது அனுபவம்.

இப்போது அந்தச் சட்டமே போய்விட்டது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 20 பேர் வேண்டும் என்கிறது புதியது. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகிவிட்டது. பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் சிறு பட்டறைகளே இப்படிக் கணக்கிலிருந்து நழுவுகின்றன. 10 விரலுக்கு ஒரு சட்டம், 20 விரலுக்கு வேறு சட்டமா? பழைய சட்டம் தந்த முதலுதவிப் பாதுகாப்பில் ஓர் அங்குலமும் பின்வாங்க நாம் சம்மதிக்க முடியாது.

இன்னொரு முக்கியமான விசயம். சின்னக் காயத்தை விபத்துப் பதிவேட்டில் எழுதுவதில்லை. பத்து நாள் கழித்து ரண ஜன்னி வந்தால், "எங்கள் ஆலையில் அடிபட்டதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பார்கள். வேலையில் பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 90 சதம் என்பது ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் விதி. பதிவேட்டில் ஒரு வரி இல்லாததால் அந்த உரிமையும், குடும்பத்துக்கு வர வேண்டிய பென்ஷனும் சிக்கலில் விழலாம். ஆகவே, கீறலானாலும் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். காண்டிராக்ட் தொழிலாளிக்கும், இந்தி பேசும் தொழிலாளிக்கும் இதே உரிமை உண்டு. வயலில் வேலை செய்பவருக்கோ பதிவேடும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றே துணை.

பயமும் அதன் காரணமும்

ஊசி என்றால் பயப்படுகிறவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. 2008 ஏப்ரலில் இதே திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போட்ட பின் 4 கைக்குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மாரின் அழுகையை இந்த ஜில்லா எளிதில் மறக்காது. அதன்பின் கிராமத்துக்குச் சென்று ஊசி போடுவதை ராஜ்ய சர்க்கார் நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. கூலியை விட்டு, பஸ் பிடித்துப் போக வேண்டியவர்கள் யார்? ஏழைகளே. தமிழ்நாட்டில் எல்லா ஊசிகளும் போடப்பட்ட குழந்தைகள் 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் 100-க்கு ஏறக்குறைய 81, 2015-16-ல் 70. 2019-21-ல் அது 89 ஆக உயர்ந்திருக்கிறது. நர்சுகளின் உழைப்பும் மக்களின் நம்பிக்கையும் சேர்ந்தால் இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு இது சாட்சி. பயத்துக்கு மருந்து, ஊசியை மறுப்பதல்ல. சுத்தமான மருந்து, பயிற்சி பெற்ற நர்சு, போட்டபின் அரைமணி நேரம் கவனிப்பு, ஏதாவது நடந்தால் மறைக்காத விசாரணை: இவற்றைக் கேட்டுப் பெறுவதே பயத்துக்கு மருந்து.

அதே 2008 ஜனவரியில் இன்னொரு காரியமும் நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. மருந்துச் சாலை, கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று சர்க்கார் ஸ்தாபனங்களின் உற்பத்தி லைசென்சை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. தரம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். தரம் போதாவிட்டால் பணம் போட்டுச் சீர்செய்வதல்லவா முறை? 1907-ல் பிறந்த குன்னூர் நிலையம் ரண ஜன்னி மருந்து அடங்கிய முத்தடுப்பு ஊசியை நாட்டுக்கு வழங்கிவந்த ஸ்தாபனம். பலத்த எதிர்ப்புக்குப் பின் 2010 பிப்ரவரியில்தான் அந்த நிறுத்தம் ரத்தானது. மலிவான மருந்தில் தனியார் கம்பெனிக்கு லாபம் குறைவு. லாபம் குறைந்தால் உற்பத்தியும் குறையும். ஆகவே இத்தகைய மருந்தைச் சர்க்கார் ஸ்தாபனங்கள் இடைவிடாது செய்தே ஆக வேண்டும்.

நமது கோரிக்கைகள்

முதலாவது, கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை, காக்களூர் ஆகிய தொழிற்பேட்டைகளில் சேரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், நிரந்தரமானாலும் காண்டிராக்டானாலும், வேலைக்குச் சேரும்போதே மூன்று ஊசி வரிசை தொடங்கப்பட வேண்டும். ஊசி போடும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

இரண்டாவது, தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று 2024-ல் ராஜ்ய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் ஆலைக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். நல்லது. அந்தப் பெட்டியில் இந்த ஊசியையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். தமிழிலும் இந்தியிலும் ஒரியாவிலும் எழுதிய அட்டை கொடுக்கட்டும்.

மூன்றாவது, நடவுக்கும் அறுவடைக்கும் முன்பு ஊர்தோறும், சூளைதோறும், இருளர் குடியிருப்புதோறும், கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமிலும், பெரியவர்களுக்கு ஊசி முகாம் நடத்த வேண்டும். பள்ளியை விட்ட பிள்ளைகளை வீடு தேடிப் போட வேண்டும்.

நான்காவது, தாலுகா ஆஸ்பத்திரிகளிலும், 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இம்யூனோகுளோபுலின் இரவு பகலாக இருப்பில் இருக்க வேண்டும். "வெளியே வாங்கி வா" என்று சீட்டு எழுதக் கூடாது.

சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். சந்தாப் பேரேட்டைப்போல் அதில் உறுப்பினர் பெயர், முதல் ஊசி, இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி என்று நான்கு பத்தி போடட்டும். முதலில் கிளைச் செயலாளர் தன் பெயரை எழுதி, தானே போய் ஊசி போட்டு வரட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பத்துப் பேராக அழைத்துப் போகட்டும். பாஷை தெரியாத வெளிமாநிலத் தோழரைக் கைபிடித்து அழைத்துப் போகட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் தங்கள் தெருவில் இதைச் செய்யட்டும். நாலு வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கு யார் வரவில்லை என்று அந்த நோட்டே சொல்லும்.

கூலி உயர்வுக்கும் போனசுக்கும் ஒன்றுகூடி நிற்கிற நாம், நம் உயிருக்காகவும் ஒன்றுகூடி நிற்க வேண்டும். உழைப்பாளியின் சொத்து அவனுடைய இரண்டு கைகள். அந்தக் கைகளில் ஒரு கீறல் விழுந்ததற்காக ஒரு குடும்பம் தெருவில் நிற்பது, தடுப்பு மருந்து கையில் இருக்கும் இந்தக் காலத்தில், மன்னிக்க முடியாத குற்றம். தோழர்களே, இந்த வாரமே நோட்டை வாங்குங்கள். முதல் பெயரை எழுதுங்கள்!